சிறு பாம்பும் பெருந்தடியும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதியில் அக்குறணையைத் தாண்டிச் சென்றால் அலவத்துகொட வரும். சீமைக்கிளுவையில் படர்ந்த மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், பாக்கு, பலா, தென்னை என்று ஒரு துண்டு நிலத்துக்குள்ளே பத்து வகைப் பயிர்கள் நிற்கும் வீட்டுத்தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. பள்ளத்தில் வயல், மேட்டில் வீடு, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில், அதன் அருகே சாணக் குவியல். இத்தகைய இடத்தில் மனிதரோடு சேர்ந்து பாம்பும் குடியிருப்பது புதுமையன்று.

அண்மையில் அப்பகுதியில் சிறுவருமான முயற்சிகள் பற்றி நடைபெற்ற ஒரு கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். முயல், காடை, தேனீ, அலங்கார மீன் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிந்தபின், பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, வெளிநாடுகளில் பாம்பு வளர்த்து, குட்டி பொரிக்க வைத்து விற்கிறார்களாம். நல்ல விலையாம். நாங்களும் செய்தால் என்ன?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. வேலையில்லாத ஒருவர் வருமானத்துக்கு வழி தேடுவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. "என்னிடம் ஏற்கனவே ஒரு மலைப்பாம்புக் குட்டி இருக்கிறது" என்றார் அவர்.

சப்பாத்துப் பெட்டிக்குள்

கூட்டம் முடிந்ததும் நாம் அவருடைய வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் எம்மோடு வந்தார். ஒரு சப்பாத்துப் பெட்டி, மூடியில் ஆணியால் குத்திய துளைகள், உள்ளே பழைய துணி. துணியின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில், முதுகு நெடுகக் கருமையான புள்ளிகள் கொண்ட ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. வயல் வரப்பில் கண்டெடுத்துப் பத்து நாளாகிறதாம். கொடுத்த எதையும் தின்னவில்லையாம். "சாதுவான பிராணி ஐயா. தங்கச்சிகூட இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்" என்றார்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எம்மையும் பின்னுக்கு இழுத்தார். "தம்பி, மூடியைப் போடு. மெதுவாகப் போடு. இது கண்ணாடி விரியன்."

மூடியின் மேல் ஒரு செங்கல் வைக்கப்பட்டது. வனசீவராசிகள் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் வந்து எடுத்துச் செல்லும் வரை ஒருவரும் அந்தப் பெட்டிக்கு அருகில் போகவில்லை. அந்தத் தங்கைக்கு வயது ஒன்பது.

இந்தத் தவறு அந்த இளைஞருக்கு மாத்திரம் உரியதன்று. மலைப்பாம்புக் குட்டியையும் கண்ணாடி விரியன் குட்டியையும் மாற்றி எண்ணிக் கொள்வது எமது நாட்டிலும் இந்தியாவிலும் அடிக்கடி நேர்கிறது. இரண்டும் தடித்தவை, இரண்டும் பழுப்பு நிறம், இரண்டுக்கும் முதுகில் புள்ளிகள். ஆனால் பார்த்த கணமே ஐயம் கொள்ளச் செய்ய வேண்டிய ஓர் அடையாளம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அது அந்தக் குட்டியின் நீளம். பெட்டிக்குள் இருந்தது ஓர் அடிகூட இல்லை. ஓர் அடி நீளத்தில் மலைப்பாம்புக் குட்டி இருப்பதில்லை. ஆகவேதான் பாம்புக் குட்டிகளின் அளவு பற்றி இவ்விதழில் சற்று விரிவாக எழுத எண்ணினோம்.

எந்தக் குட்டி எவ்வளவு நீளம்?

முட்டையிலிருந்து வெளிவருவதைக் குஞ்சு என்றும், தாய் வயிற்றிலிருந்து நேரே பிறப்பதைக் குட்டி என்றும் சொல்வது முறை. கிராமத்தில் இரண்டையும் குட்டி என்றே சொல்கிறார்கள். நாமும் அவ்வாறே சொல்வோம்.

எல்லாவற்றிலும் சிறியது பூச்சட்டி மண்ணில் மண்புழுப்போல் நெளியும் புழுப்பாம்பு. இதன் முட்டை ஏறத்தாழ ஒரு நெல்மணி அளவுதான். முழு வளர்ச்சியடைந்த புழுப்பாம்பே ஒரு பேனை நீளத்தைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. இந்த இனத்தில் ஆண் கிடையாது. பெண் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிறது. மனிதருக்கு எவ்விதத் தீங்கும் இல்லாதது.

அடுத்தது கூன்மூக்கு விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்றும் பொலொன் தெலிஸ்ஸா என்றும் அழைக்கப்படுவது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். காய்ந்த இலைகளுக்கிடையில் காய்ந்த இலை போலவே கிடக்கும். இது முட்டையிடுவதில்லை. ஒரே ஈற்றில் 4 முதல் 17 வரை குட்டிகளை ஈனும். குட்டியின் நீளம் 13 முதல் 14.5 சென்ரிமீற்றர். அதாவது பாடசாலைப் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும் பேனை அளவு.

கண்ணாடி விரியனும் குட்டி ஈனுவதே. வழமையாக 20 முதல் 40 வரை. ஒரே ஈற்றில் அறுபதுக்கு மேற்பட்ட குட்டிகளும் பதிவாகியுள்ளன. குட்டியின் நீளம் 21 முதல் 26 சென்ரிமீற்றர். நாகபாம்பு முட்டையிடும். 10 முதல் 30 முட்டைகள், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரிக்கும். குட்டி 20 முதல் 30 சென்ரிமீற்றர். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லப்படும் பாம்பின் குட்டியும் ஏறத்தாழ ஓர் அடிக்குள் அடங்கும்.

இனி விஷமில்லாதவற்றைப் பார்ப்போம். சாரைப்பாம்பின் குட்டி முட்டையை விட்டு வெளிவரும்போதே 36 முதல் 47 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். வெங்கணாந்தி என்று வன்னியில் சொல்லப்படும் மலைப்பாம்பின் குட்டி 45 முதல் 60 சென்ரிமீற்றர். அதாவது ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை.

வாசகர்கள் இந்த இலக்கங்களை மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆளைக் கொல்லக்கூடிய பாம்புகளின் குட்டிகள் ஓர் அடிக்குள் நிற்கின்றன. எவருக்கும் தீங்கு செய்யாத சாரையும் மலைப்பாம்பும் ஓர் அடிக்கு மேல் பிறக்கின்றன. நீளமானதைக் கண்டு நாம் ஊரைக் கூட்டுகிறோம். பேனை அளவு உள்ளதைக் கண்டால் பிள்ளைகள் குச்சியால் தட்டி விளையாடுகிறார்கள். நமது அச்சம் பெரும்பாலும் தலைகீழாக நிற்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஓர் அடிக்குக் குறைந்தது மலைப்பாம்பு அல்ல என்று துணிந்து சொல்லலாம். ஓர் அடிக்கு மேற்பட்டது எல்லாம் மலைப்பாம்பு என்று சொல்லக் கூடாது. கண்ணாடி விரியனும் வளரும் அல்லவா? அதன் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசைப் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும். மலைப்பாம்பின் புள்ளிகள் ஒழுங்கற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் இவற்றையெல்லாம் குனிந்து உற்றுப் பார்த்து முடிவு செய்வது எமது வேலையன்று. ஐயமிருந்தால் விலகி நிற்பதே முறை.

முட்டைக்குள் நடப்பது

ஒரே வகைப் பாம்பிலும் எல்லாக் குட்டிகளும் ஒரே அளவாகப் பிறப்பதில்லை. ஏன் என்று பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது காரணம் தாய். பெரிய தாய்ப்பாம்பு கூடுதலான முட்டைகளை இடும். ஆனால் தாயின் உடலில் உள்ள சத்து ஓர் அளவுதான். அதைப் பத்து முட்டைக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். முப்பது முட்டைக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் சிறுக்கும். ஒரே பானைச் சோற்றை எத்தனை பேருக்குப் பரிமாறுகிறோம் என்பதைப் போன்றது இது. பல குட்டிகளை ஈன்று சிலவாவது பிழைக்கட்டும் என்பது விரியனின் வழி. குட்டியைச் சற்றுப் பெரிதாகவே வெளியே அனுப்புவது சாரையின் வழி.

இரண்டாவது காரணம் ஈரம். கோழி முட்டையின் ஓடு கடினமானது. பாம்பு முட்டையின் ஓடு பதனிட்ட தோல்போல் மென்மையானது. அது சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கும். போதிய ஈரம் கிடைத்த முட்டையில் குட்டி மஞ்சட்கருவை நன்கு பயன்படுத்திப் பெரிதாக வளர்கிறது. காய்ந்த இடத்தில் கிடந்த முட்டை சுருங்கி, குட்டி சிறிதாகப் பிறக்கிறது, அல்லது உள்ளேயே இறந்துவிடுகிறது.

மூன்றாவது வெப்பம். சூடு கூடினால் விரைவில் பொரிக்கும், குறைந்தால் நாள் நீளும். அளவு மீறினால் இரண்டும் கேடு. இதனால்தான் பாம்பு நமது சாணக் குவியலையும் குப்பைமேட்டையும் கறையான் புற்றையும் தேடி வருகிறது. சாணம் மக்கும்போது உண்டாகும் இளஞ்சூடும் ஈரமும் முட்டைக்கு ஏற்றவை. நாம் பசளைக்காகக் குவிப்பது பாம்புக்குப் பிள்ளைப்பேற்று அறையாகிறது.

மலைப்பாம்பு மாத்திரம் ஒரு படி மேலே செல்கிறது. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, தனது தசைகளை நடுங்கச் செய்து சூடு உண்டாக்கி அடைகாக்கிறது. நாகபாம்பு முட்டைகளின் அருகே காவல் இருக்கும். பெரும்பாலான பாம்புகள் இட்டதோடு போய்விடும். எந்தப் பாம்பும் தன் குட்டிக்கு இரை தேடிக் கொடுப்பதில்லை.

நாள் நிறைந்ததும் குட்டியின் மேல்வாயில் உள்ள சிறு முட்டைப்பல் ஓட்டைக் கிழிக்கிறது. வெளிவந்த குட்டியின் வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கரு இருக்கும். அதனால் பல நாட்களுக்கு அது ஒன்றும் உண்ணாது. பெரும்பாலான குட்டிகள் முதன்முறை தோல் உரித்த பின்பே இரை தேடும். சப்பாத்துப் பெட்டிக் குட்டி பத்து நாள் பட்டினி கிடந்தும் சோராமல் இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அது சாதுவாக இருக்கவில்லை. அசையாமல் இருந்தது. விரியன் இனத்தின் இயல்பே அசையாமல் கிடப்பதுதான்.

எமது நாட்டுப் பாம்புகளின் முட்டைகளையும் குட்டிகளையும் எண்ணி, அளந்து எழுதிவைத்தவர்களில் முன்னோடி பிராங்க் வோல் என்ற வைத்தியர். 1868இல் இலங்கையில் பிறந்து இந்திய மருத்துவ சேவையில் பணியாற்றியவர். இலங்கைப் பாம்புகள் பற்றிய 'ஒஃபிடியா தப்ரபானிக்கா' என்ற அவரது நூல் 1921இல் கொழும்பில் வெளிவந்தது. நூறாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் அடிமட்டத்தோடு உட்கார்ந்து பாம்புக் குட்டிகளை அளந்தது வீண் வேலையாகத் தோன்றியிருக்கும். அத்தகைய அளவுகள் இருப்பதால்தான் இன்று நாம் ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, இது மலைப்பாம்பு அல்ல என்று சொல்ல முடிகிறது.

குட்டியின் விஷம்

சிறு குட்டிக்கு விஷமில்லை என்று ஒரு சாராரும், குட்டியின் விஷம்தான் பெரிய பாம்பின் விஷத்தைவிடக் கொடியது என்று மறு சாராரும் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. நாகமோ விரியனோ, குட்டி உலகத்தைப் பார்க்கும் முதல் நாளிலேயே அதற்கு விஷப்பையும் பல்லும் உண்டு. பெரிய பாம்பிடம் விஷத்தின் அளவு கூடுதல், ஆதலால் பொதுவாக அதன் கடியே கூடிய அபாயம். ஆனால் கண்ணாடி விரியன் குட்டியிடம் உள்ளதும் ஒரு பிள்ளையின் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்கப் போதுமானது.

கூன்மூக்கு விரியன் கடி எமது நாட்டில் மிகச் சாதாரணமாக நிகழ்வது. தேயிலை மலையிலும் வீட்டுத்தோட்டத்திலும், வெறுங்காலோடு அந்திவேளையில் நடப்பவர்களே அதிகம் கடிபடுகிறார்கள். பலருக்கு வீக்கமும் வலியும் வந்து மாறிவிடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதடையும், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரிக்கப்படுவது. கூன்மூக்கு விரியன் அதில் அடங்காது. ஆகவே, "சின்னதுதானே கடித்தது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவது பெருந்தவறு.

2012, 2013 ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்றின்படி, இலங்கையில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது. 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் நிலத்தில் வேலை செய்யும் கிராமத்து மக்கள்.

"பாம்பு சிறிதானாலும் பெரிய தடி கொண்டு அடிக்க வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் முதற்பாதியை நாம் முழுமையாக ஏற்கிறோம். சிறிது என்று எண்ணி அசட்டையாக இருக்கக் கூடாது. பிற்பாதியைப் பற்றித்தான் சற்று யோசிக்க வேண்டும். தடியை ஓங்கி அருகில் போகிறவரும், பிடித்து விளையாடப் போகிறவரும் ஒரே தூரத்தில்தான் நிற்கிறார்கள். பாம்புக்குக் கடிக்க வாய்ப்பு அந்தத் தூரத்தில்தான் கிடைக்கிறது.

வளர்த்து விற்கலாமா?

இளைஞரின் கேள்விக்கு இப்போது வருவோம். வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்பு ஒரு தொழிலாக இருப்பது உண்மையே. வட அமெரிக்காவின் சோளப்பாம்பும், மேற்கு ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பும் அங்கு பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. சோளப்பாம்பின் குட்டி 20 முதல் 30 சென்ரிமீற்றர். அரச மலைப்பாம்பு சில முட்டைகளே இடும், ஆனால் தாயின் உடலோடு ஒப்பிடும்போது அவை பெரியவை. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் கிராமத்தவர்கள் சினையான பாம்புகளைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, முட்டை பொரித்த பின் குட்டிகளை ஏற்றுமதி செய்கிறார்கள். அவற்றை வீடுகளில் வளர்ப்பவர்கள் முட்டைகளை ஈரமான ஊடகத்தில் வைத்து, இட்ட நிலையிலிருந்து புரட்டாமல், சூடு மாறாமல் இரண்டு மாதம் காக்கிறார்கள்.

கேட்பதற்கு எளிது. ஆனால் குட்டி பிறந்த பின்னரே வேலை ஆரம்பமாகிறது. சிறு குட்டியின் வாய்க்குள் போகக்கூடிய இரை வேண்டும். கண் திறக்காத எலிக்குஞ்சை உண்ணும் அளவுக்குக் குட்டி பெரிதாக இருந்தால் பிழைக்கும். அதற்கும் சிறிதாக இருந்தால் சிறு பல்லியும் தவளையுமே வேண்டும். பலவும் உண்ண மறுத்து இறந்துவிடும். பாம்பு வளர்க்க விரும்புகிறவர் முதலில் எலி வளர்க்க வேண்டும். எலிக்குத் தானியம் வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எமது நாட்டுச் சட்டம் இதற்கு இடங்கொடுப்பதில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் பெரும்பாலான பாம்பு இனங்களைப் பாதுகாக்கின்றன. அவற்றைக் காட்டிலிருந்து பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். வெளிநாட்டுப் பாம்பை அனுமதியின்றிக் கொண்டுவருவதும் குற்றமே.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஒரு பாடம். வீட்டுப் பிராணியாக இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள் சில தப்பியும், சில வளர்த்தவர்களாலேயே கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் என்ற சதுப்பு நிலத்தில் பெருகின. ஒரு தாய் ஐம்பதுக்கு மேல் முட்டையிடும். குட்டியோ முதல் நாளே ஒன்றரை அடிக்கு மேல். அங்குள்ள முயல் முதலிய சிறு பிராணிகள் பல இடங்களில் அருகிப் போயின. இந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017 ஜனவரியில் அவர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? தமிழ்நாட்டின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று 16 அடி. 2023இல் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இருளர் காட்டும் வழி

பாம்பை அறிந்த ஏழை மக்கள் அந்த அறிவைக்கொண்டே பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கும் இருளர்களிடம் ஒரு விடை உண்டு. முன்னர் இவர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றார்கள். இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய றொமுலஸ் விட்டேக்கர் முதலானோரின் உதவியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்துக்குச் செல்லும் வழியில் வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது.

அங்கு பாம்புகளை இனவிருத்தி செய்வதில்லை. உரிமம் பெற்ற உறுப்பினர்கள் பாம்பைப் பிடித்துவந்து, மண்பானையில் துணி கட்டி, சில வாரங்கள் வைத்திருக்கிறார்கள். நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். கொன்று விற்ற காலத்தில் ஒரு பாம்பு ஒரு முறைதான் காசு தந்தது. இப்போது பாம்பும் பிழைக்கிறது, பிடித்தவரும் பிழைக்கிறார். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விஷம் இங்கிருந்தே போகிறது. எமது வைத்தியசாலைகளில் நோயாளிக்கு ஏற்றப்படும் மருந்துப் போத்தலின் தொடக்கம் ஓர் இருளரின் கையில் இருக்கிறது என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எனினும் தமிழ்நாட்டுப் பாம்பின் விஷமும் இலங்கைப் பாம்பின் விஷமும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. ஆதலால் இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக்கொண்டே மருந்து செய்யும் முயற்சியில், அலவத்துகொடைக்கு அதிக தொலைவில் இல்லாத பேராதனைப் பல்கலைக்கழகம் கொஸ்டாரிக்கா நாட்டின் குளோடோமிரோ பிகாடோ நிறுவனம் முதலியவற்றோடு இணைந்து ஈடுபட்டது. கூன்மூக்கு விரியனின் விஷமும் அதில் சேர்க்கப்பட்டது. அதன் ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வெளியாகின. பாம்பால் நமது மக்களுக்குப் பயன் வர வேண்டுமானால் அது இத்தகைய வழியில்தான் வரும். சப்பாத்துப் பெட்டியிலிருந்து வராது.

நாம் செய்யக்கூடியவை

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களோடு கலந்து பேசி நாம் தொகுத்தவை இவை:

1. சாணக் குவியலையும் குப்பைமேட்டையும் வீட்டு வாசலிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி அமையுங்கள். பசளை அள்ளும்போது கையை விடாமல் மண்வெட்டியைப் பயன்படுத்துங்கள்.

2. மிளகு, கராம்பு பொறுக்கும்போதும் புல் வெட்டும்போதும் முதலில் ஒரு நீண்ட தடியால் சருகைக் கிளறிவிடுங்கள். தடிக்கு இதுவே நல்ல உபயோகம். காலுக்குச் சப்பாத்து, அந்தியில் டோர்ச் லைட், இரண்டும் அவசியம்.

3. வெண்மையான, மென்மையான முட்டைகளைக் கண்டால் உடைக்காமலும் புரட்டாமலும் மூடிவிட்டு விலகுங்கள். பிள்ளைகளை அவ்விடத்தில் விடாதீர்கள். வீட்டுக்கு மிக அருகில் இருந்தால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

4. ஒரு சிறு விரியன் குட்டியைக் கண்டால் அதே இடத்தில் இன்னும் பல இருக்கலாம் என்று எண்ணி நடவுங்கள். அவை ஒரே ஈற்றில் பிறந்தவை.

5. எந்தக் குட்டியையும் கையில் எடுக்கவோ போத்தலில் அடைக்கவோ வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பாடசாலையிலும் சொல்லிக் கொடுங்கள்.

6. கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கலாம். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். முடிந்தால் தள்ளி நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

7. சாரையைக் கொல்லாதீர்கள். வயலில் எலியைக் குறைப்பதில் அது நமக்குக் கூலி கேளாத வேலைக்காரன்.

பெட்டி வெறுமையான பின்

வனசீவராசிகள் அலுவலர்கள் பெட்டியை எடுத்துச் சென்ற பிறகு அந்த வீட்டு முற்றத்தில் வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை. இளைஞரின் தாயார் மாத்திரம் மகளின் கைகளை மாறி மாறிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடித்த அடையாளம் ஏதுமில்லை என்று நாம் எல்லோரும் சொன்ன பிறகும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

புறப்படும்போது இளைஞர் எம்மோடு வீதி வரை வந்தார். "அப்படியானால் நான் என்ன செய்வது ஐயா?" என்று கேட்டார். கூட்டத்தில் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. பாம்பு வேண்டாம் என்று சொல்வது எளிது. வேலைக்கு வழி சொல்வது அவ்வளவு எளிதன்று. அவருடைய தோட்டத்தில் மிளகும் பூமரங்களும் இருக்கின்றன. தேனீப் பெட்டி இரண்டு வைத்துத் தொடங்கலாம் என்று பேசி, அடுத்த கூட்டத்தில் அதுபற்றிய செயல்முறைப் பயிற்சி கேட்டு எழுதுவதாக முடிவு செய்தோம். பிராணிகளைக் கூர்ந்து கவனிக்கும் பொறுமை அவரிடம் இருக்கிறது. பத்து நாள் ஒரு பாம்புக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா? அந்தப் பொறுமைக்கு ஏற்ற, ஆபத்தில்லாத ஒரு வேலையைக் காட்டுவது அவரைச் சூழ உள்ள நம் எல்லோரின் கடமையாகும்.

அன்பான வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஒரு சப்பாத்துப் பெட்டியோ கண்ணாடிப் போத்தலோ எங்காவது இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். கோபிக்காமல் கேளுங்கள். உள்ளே இருப்பது ஓர் அடிக்குக் குறைந்ததானால், மூடியைத் திறக்க வேண்டாம்.